வாயில்லாத பத்தாயிரம் பேர்

2047 மார்ச் 11, திங்கட்கிழமை. காலை பத்து மணிக்குத் திருச்சி பொன்னி பல்கலைக்கழகத்தின் வரைகலை வடிவமைப்புத் துறை, இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வின் முடிவுகளை வெளியிட்டது. தேர்வில் கலந்துகொண்டவர்கள் இருபத்தெட்டுப் பேர். தேறியவர்கள் இருபத்தேழு பேர்.

தேறாதவள் ஜெசிந்தா. புள்ளம்பாடிக்காரி. முந்தைய ஏழு பருவங்களிலும் எண்பதுக்குக் கீழே இறங்காதவள். இந்த முறை முப்பத்தொன்று. ஜூன் முதல் தேதி சென்னை நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர வேண்டும். பட்டம் கையில் இருந்தால்தான் அந்த இடம் அவளுக்கு.

பதினொரு மணிக்குத் துறைத்தலைவர் தணிகைவேலின் அறைக்குள் வந்தாள்.

"உக்காரும்மா. ஆத்தா இப்படிப் பண்ணுவான்னு நானும் நினைக்கல."

மதிப்பெண் போடும் இயந்திரத்தின் அலுவல்பெயர் பார்வையாளர் மாதிரி. நாற்பதாயிரம் பேரின் கண்ணசைவுகளைப் பதிவுசெய்து, அவற்றிலிருந்து பத்தாயிரம் கற்பனை மனிதர்களை அது உருவாக்கியிருந்தது. கண்புரை உள்ளவர், தமிழ் மட்டும் தெரிந்தவர், எழுத்தே தெரியாதவர், அவசரத்தில் ஓடுபவர் என்று பத்தாயிரம் பேர். மாணவர் ஒரு பலகையையோ மருந்துச் சீட்டையோ ஏற்றினால், இந்தப் பத்தாயிரம் பேரும் அதைப் பார்ப்பார்கள். எத்தனை பேருக்குப் புரிந்தது, எத்தனை வினாடியில் என்பதுதான் மதிப்பெண். முதல் ஆண்டு மாணவர்கள் அதற்கு ஆயிரங்கண்ணாள் என்று பெயர் வைத்தார்கள். கண்களின் எண்ணிக்கையில் ஒரு பூஜ்யம் குறைந்தாலும் பெயர் நிலைத்துவிட்டது. பக்கத்தில் சமயபுரம் இருந்ததால் அது விரைவில் ஆத்தா ஆனது.

வரைகிற வேலை ஏற்கெனவே இயந்திரத்திடம் போய்விட்டது. என்ன வேண்டும் என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் நாற்பது பலகைகள் வந்து நிற்கும். எனவே பாடத்திட்டம் மூன்று சொற்களாகச் சுருங்கியிருந்தது: ஏற்று, பார், மாற்று. சராசரி மாணவர் ஒரு வேலையை முந்நூறு முறைக்கு மேல் ஏற்றி இறக்குவார். ஜெசிந்தா ஒரே ஒரு முறைதான் ஏற்றியிருந்தாள்.

அனைவருக்கும் பணி ஒன்றுதான். பல்கலைக்கழகத்தின் ஒன்பது மாடி மருத்துவமனையில் வெளிநோயாளிகள் வாயிலிலிருந்து ஸ்கேன் பகுதிக்கு வழி காட்ட வேண்டும். தொண்ணூற்றாறு வாங்கி முதலிடம் பிடித்த கபிலன், ஐம்பத்து நான்கு பலகைகள் வைத்திருந்தான். ஜெசிந்தா வைத்தது ஆறு படங்கள். சுவர் முழுக்க யானை, குடை, கப்பல் என்று ஆளுயரத்துக்குப் பெரிய படங்கள். எழுத்தே இல்லை.

"ஏம்மா, ஸ்கேன்னு ஒரு இடத்துலயாவது எழுதியிருக்கலாம்ல?"

"எழுதினதை யாரும் படிக்கல சார்."

"யார் சொன்னா?"

அவள் நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். கிழக்கு வாயிலில் பத்தொன்பது நாள் நின்று எண்ணியிருந்தாள். உள்ளே வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் பலகையை நிமிர்ந்து பார்க்காமல் நேராகக் காவலரிடம் போய்க் கேட்டிருந்தார்கள்.

"படிக்கத் தெரியாதவங்களா இருக்கும்."

"இல்ல சார். ஒருத்தர் காலேஜ் வாத்தியார். ஸ்கேன்னு போட்ட பலகைக்குக் கீழேயே நின்னுக்கிட்டு, ஸ்கேன் எங்கம்மான்னு கேட்டாரு. நான் அவர்கிட்டயே கேட்டேன், ஏன் சார் மேல பாக்கலன்னு. ஆஸ்பத்திரில அம்புக்குறியையெல்லாம் நம்ப முடியாதும்மா, ஒரு ஆள் வாயால சொல்லட்டும்னாரு."

தணிகைவேல் சிரித்துவிட்டார். அவரும் அப்படித்தான் கேட்பார்.

"அவங்க கேட்டுட்டுப் போறது பாதியில மறந்துடுது சார். திரும்ப இன்னொருத்தர்கிட்ட கேக்கறாங்க. மூணு நாலு வாய் மாறிப் போகுது. அதான் வாயால சொல்றதுக்கு வசதியா யானை, குடைன்னு வெச்சேன். ஆத்தாவோட ஆளுங்க பத்தாயிரம் பேருக்கும் கண்ணு இருக்கு சார். வாய் இல்ல."

தணிகைவேல் நோட்டை இரண்டு முறை புரட்டினார். பிறகு, அந்த முப்பத்தொன்றை மாற்றத் தன்னால் முடியாது என்று சொன்னார். இயந்திரம் போட்ட மதிப்பெண்ணை எந்த மனிதரும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்ற விதியை 2042-இல் எழுதியவர் அவர்தான்.

எழுதியதற்குக் காரணம் இருந்தது. 2017-இல் அவர் மாணவராக இருந்தபோது, ஐந்து பேர் கொண்ட தேர்வாளர் குழுவில் வெளியிலிருந்து வந்த ஒருவர் அவருடைய சுவரொட்டியைப் பார்க்கவே இல்லை. அதிலுள்ள எழுத்துருவின் பிரெஞ்சுப் பெயரை உச்சரிக்கச் சொன்னார். தணிகைவேல் உச்சரித்தார். ஐந்து தேர்வாளர்களும் சிரித்தார்கள். ஐம்பத்தொரு மதிப்பெண் போட்டார்கள். இயந்திரம் வந்த பிறகு யாரும் யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை. ஐந்து ஆண்டுகளாக முதலிடம் பெற்றவர்களில் நான்கு பேர் மணப்பாறை, துறையூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள்.

"அந்த ரூல் இல்லன்னா நான் இந்த டிபார்ட்மெண்ட்ல இத்தனை தூரம் வந்திருக்க மாட்டேன் சார். எனக்குத் தெரியும்," என்றாள் ஜெசிந்தா. "ஆனா இது தப்பு."

*

தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி ரங்கநாயகி விதிப்புத்தகத்தை எழுத்தெண்ணிப் படிப்பவர். மறுமதிப்பீட்டுக்கு இடமில்லை என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒம்பதாம் விதி ஒண்ணு இருக்கு. இயந்திரத்தோட கணிப்பு நிஜத்துக்கு ஒத்துவரலன்னு நேர்ல அளந்து காட்டினா, அந்த வருஷத்து மார்க்கெல்லாம் நிறுத்திவெக்கணும். எல்லா மார்க்கும். இவ ஒருத்தியோடது மட்டும் இல்ல. அதையும் நீங்கதான் சார் எழுதியிருக்கீங்க."

"ஞாபகம் இருக்கு மேடம்."

"மனு மாணவிதான் குடுக்கணும். வெள்ளிக்கிழமை கடைசி."

செய்தி மதியத்துக்குள் வகுப்புக்குப் போய்விட்டது. கேண்டீனில் கபிலன் தட்டோடு வந்து ஜெசிந்தாவின் எதிரே உட்கார்ந்தான். நான்கு ஆண்டுகளாக இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள்.

"லூசா நீ? உனக்கு ஒரு செமஸ்டர் போகும். நீ கையெழுத்துப் போட்டா இருபத்தெட்டுப் பேருக்கும் போகும்."

"உன் பலகையில ஆளுங்க போய்ச் சேருவாங்கன்னா உனக்கு என்னடா பயம்?"

"எனக்குப் பயமா? தொண்ணூத்தாறு வாங்கியிருக்கேன்டி."

"யார்கிட்ட?"

கபிலன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "நம்ம மாலினிக்கு மே மாசம் விசா, மார்க்ஷீட் இல்லன்னா அதுவும் போச்சு. தெரியும்ல? அவகிட்ட போய் இந்தத் தத்துவத்தைச் சொல்லு."

"சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"என்ன சொன்னா?"

"திட்டினா. அப்புறம் அழுதா. அப்புறம், அவ ஏரியா ஆஸ்பத்திரில அவங்கப்பாவைக் கூட்டிட்டு அரை நாள் அலைஞ்ச கதையைச் சொன்னா. கையெழுத்துப் போடுன்னும் சொல்லல, போடாதேன்னும் சொல்லல."

"நான் சொல்றேன். போடாதே."

வெள்ளிக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு ஜெசிந்தா கையெழுத்துப் போட்டாள். அடுத்த வாரம் முழுக்க அவள் தனியாகச் சாப்பிட்டாள்.

*

மருத்துவமனைக்கு மூன்று வாயில்கள்; ஸ்கேன் பகுதிக்கு மூன்றிலிருந்தும் ஏறக்குறைய ஒரே தூரம். வடக்கு வாயிலில் கபிலனின் ஐம்பத்து நான்கு பலகைகளைப் பொருத்தினார்கள். தெற்கு வாயிலில் ஜெசிந்தாவின் ஆறு படங்கள். அங்கே நின்ற காவலரிடம் எந்தப் படத்தைச் சொல்லி வழிகாட்ட வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்தாள். கிழக்கு வாயில் ஒப்பிடுவதற்காக இருந்தபடியே விடப்பட்டது. அங்கே இருந்தவை பெயிண்ட் உதிர்ந்த பழைய பலகைகள். அவற்றில் இரண்டு, இடம் மாறிப்போன பிரிவுகளைக் காட்டிக்கொண்டிருந்தன.

அளப்பது எளிது. நோயாளியின் நுழைவுச் சீட்டில் ஒரு சில்லு இருக்கும். வாயிலில் சீட்டை எடுக்கும்போது ஒரு நேரம் பதிவாகும், ஸ்கேன் பகுதியில் நீட்டும்போது இன்னொரு நேரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. பத்து நாள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள்.

ஏப்ரல் 9 அன்று தணிகைவேல் முடிவைத் தன் அறையில் வாசித்தார். ரங்கநாயகி, ஜெசிந்தா, கபிலன் மூவரும் இருந்தார்கள்.

"வடக்கு வாயில், சராசரி பதினோரு நிமிஷம் நாப்பது வினாடி."

கபிலன் தலையைத் திருப்பிக்கொண்டான். அவனுடைய பலகைகளுக்கு ஆயிரங்கண்ணாள் சொன்னது நான்கு நிமிடம்.

"தெற்கு வாயில், எட்டு நிமிஷம் பத்து."

ஜெசிந்தாவின் முகம் மலர்ந்தது. ரங்கநாயகி பேனாவை எடுத்தார்.

"இருங்க மேடம். கிழக்கு வாயில், அஞ்சு நிமிஷம் முப்பது."

ரங்கநாயகி பேனாவைக் கீழே வைத்தார்.

"அங்கதான் ஒண்ணுமே பண்ணலயே," என்றார் ரங்கநாயகி.

"ஆமா."

"அப்போ நாலு வருஷம் படிச்சுட்டு இவங்க வெச்ச ரெண்டும், ஒண்ணுமே வெக்காததைவிட மோசம்னு ஆகுது."

கபிலன் அன்று முதல் முறையாகச் சிரித்தான். "ஜெசி, வாழ்த்துகள். மொத்த கிளாஸையும் முடிச்சுட்ட."

 ஜெசிந்தா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து எண்களை மறுபடி பார்த்தாள்.

"பத்தொன்பது நாள் அங்க நின்னேன்னியேம்மா," என்றார் தணிகைவேல். "எத்தனை பேர் கேட்டாங்கன்னு எண்ணியிருக்க. அந்தக் காவலர் என்ன பதில் சொன்னாங்கன்னு எழுதினியா?"

ஜெசிந்தா நோட்டைத் திறக்கவில்லை. அதில் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"இல்ல சார்."

*

கிழக்கு வாயில் காவலரின் பெயர் வள்ளிக்கண்ணு. நாற்பதை நெருங்குகிறவர், ஊர் விராலிமலைப் பக்கம். நான்கு பேர் வந்து தன்னைச் சுற்றி நின்றதும் முதலில் தொப்பியைச் சரிசெய்தார்.

"என்ன சார், எதாவது கம்ப்ளைண்டா?"

"இல்லம்மா. நீங்க வழி சொல்றதைப் பாக்கணும், அவ்வளவுதான்."

"இதுல பாக்க என்ன சார் இருக்கு?" என்றவர் ஜெசிந்தாவை அடையாளம் கண்டுகொண்டார். "ஏம்மா, நீயா? இன்னும் கோடு போட்டு முடிக்கலயா?"

"அக்கா, அத்தனை நாள் உங்க பக்கத்துலயே நின்னேன். இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எதை? நீ கட்டம் கட்டமா கோடு போட்டுக்கிட்டு இருந்த. என்கிட்ட வாயைத் திறந்தது தண்ணி பாட்டில் கேக்க மட்டும்தான்."

கபிலன் இருமினான்.

அரைமணி நேரம் நின்று பார்த்தார்கள். கால் வீங்கிய ஒருவர் வந்தார். வள்ளிக்கண்ணு அவருக்கு ஸ்கேன் எங்கே என்று சொல்லவே இல்லை. மின்தூக்கி இருக்கும் இடத்தை மட்டும் காட்டி, உள்ளே இருப்பவரிடம் கேட்கச் சொன்னார். கைக்குழந்தையோடு வந்த பெண்ணிடம், "இந்தா, முன்னாடி பச்சைச் சேலை போகுதுல்ல, அந்த அக்காவும் அங்கதான் போவுது. விடாம பின்னாலயே போ," என்றார். படபடப்போடு வந்த ஓர் இளைஞனை முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஒரு நிமிடம் கழித்து, "பன்னு கடை தெரியுதா தம்பி? அது வரைக்கும் போ," என்று சொல்லி அனுப்பினார்.

"அதுக்கு மேல?" என்று கேட்டார் ரங்கநாயகி.

"பன்னு கடைக்காரன் சொல்வான் மேடம். முழு வழியையும் நானே சொன்னா எவனுக்கு ஞாபகம் இருக்கும்? கண்ணுக்குத் தெரியற வரைக்கும்தான் சொல்லணும். அதுவும் உடம்பு சரியில்லாம வந்தவங்ககிட்ட."

"இந்தப் பலகையை யாராவது பாக்கறாங்களா?"

"நான் பாப்பேன். புதுசா வந்தப்ப அதைப் பாத்துதான் நானே கத்துக்கிட்டேன். ரெண்டு தப்பா இருக்குன்னு சொல்லி ஒரு வருஷம் ஆச்சு, யாரும் மாத்தல." கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "இனிமே வர்றவங்க சொல்லிக்கட்டும். இந்த முப்பதோட எனக்கு இங்க டூட்டி முடியுது. கம்பெனி ரூல், ஒரு இடத்துல ரொம்ப நாள் விட மாட்டாங்க."

"அப்போ புது ஆள் வந்தா?"

"அவங்களும் கொஞ்ச நாள் தடுமாறித்தான் கத்துக்கணும். ஜனங்களும் கூடச் சேந்து தடுமாறுவாங்க," என்றார் வள்ளிக்கண்ணு.

திரும்பி வரும்போது ஜெசிந்தாவும் கபிலனும் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். பாதி தூரம் வந்த பிறகு கபிலன் சொன்னான்: "உன் யானையை விடு. என் பலகையில பன்னு கடையே இல்ல."

*

இருபத்தெட்டுப் பேரின் மதிப்பெண்களும் நிறுத்திவைக்கப்பட்டன. மாலினியின் விசா தள்ளிப்போனது. மூன்று பெற்றோர்கள் துணைவேந்தரிடம் புகார் கொடுத்தார்கள். ஏப்ரல் 22 அன்று நடந்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில், பழையபடி தேர்வாளர் குழுவையே கொண்டுவந்துவிடலாம் என்று இரண்டு மூத்த பேராசிரியர்கள் பேசினார்கள். இயந்திரத்துக்குப் புரியாதது அனுபவசாலிகளுக்குப் புரியும் என்பது அவர்கள் வாதம்.

தணிகைவேல் எழுந்தார்.

"அந்தக் குழு முன்னாடி நான் நின்னிருக்கேன். அது திரும்ப வரக் கூடாது."

"அப்போ இயந்திரமே இருக்கட்டும்கிறீங்களா?" என்றார் ஒருவர்.

"மாணவர் பழகிப் பாக்க இருக்கட்டும். மார்க் போட வேண்டாம்."

ரங்கநாயகி குறுக்கிட்டார். "மனுஷங்களும் போடக் கூடாது, இயந்திரமும் போடக் கூடாது. வேற யார் சார் போடுவா?"

"கடிகாரம் போடட்டும் மேடம். அன்னிக்குத்தான் வேலைக்கு வந்த ஒரு புதுக் காவலரை வாயில்ல நிறுத்துவோம். மாணவர் என்ன செய்வாரோ செய்யட்டும். பலகை வெக்கட்டும், படம் போடட்டும், ஒண்ணுமே வெக்காமலும் இருக்கட்டும். உள்ள வர்றவங்க ஆறு நிமிஷத்துல ஸ்கேனுக்குப் போய்ச் சேந்தா தேர்ச்சி. அதுக்கு முன்னாடி எல்லாரும் ஏழு வாரம் அந்த வாயில்ல நிக்கணும். வரையறது ஒரு நிமிஷ வேலை. அதை நாலு வருஷமா சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தோம். யார்கிட்ட என்ன கேக்கணும்னு ஒரு பீரியட்கூட வெக்கல. அது என் தப்பு."

"ஆறு நிமிஷம் எங்கிருந்து வந்தது?"

"அந்தம்மாவுக்கு அஞ்சரை. பசங்களுக்கு அரை நிமிஷம் சலுகை."

குழு ஏழுக்கு நான்கு என்ற கணக்கில் ஒப்புக்கொண்டது. முப்பதாம் தேதியோடு மாற்றப்படவிருந்த வள்ளிக்கண்ணுவை ஏழு வாரத்துக்கு அங்கேயே விடும்படி ஒப்பந்த நிறுவனத்துக்குக் கடிதம் போனது. "பசங்க கேள்வி கேட்டே கொல்றாங்க," என்று அவர் இரண்டாம் நாளே மேற்பார்வையாளரிடம் முறையிட்டதாகச் சொன்னார்கள். ஆனாலும் விடுப்பு எடுக்கவில்லை.

சென்னை நிறுவனத்திடம் ஜெசிந்தா ஒரு மாத அவகாசம் கேட்டு எழுதினாள். அவர்கள் இரண்டு நாள் கொடுத்தார்கள்.

கபிலன் தன் ஐம்பத்து நான்கு பலகைகளையும் எடுத்துவிட்டான். மக்கள் நின்று கேட்கும் நான்கு இடங்களைக் கண்டுபிடித்து, பன்னு கடைக்காரர் உட்பட அங்கே இருந்த நான்கு பேருக்கும் மஞ்சள் மேலங்கி மாட்டிவிட்டான். யாரிடம் கேட்கலாம் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

ஜெசிந்தா செய்தது ஒரே ஒரு தாள். காவலர் பணி மாறும்போது, போகிறவர் வருகிறவரிடம் கொடுக்க வேண்டிய தாள். வாயிலில் நிற்பவரின் கண்ணுக்குத் தெரிவது மட்டும் அதில் படமாக இருந்தது. கால் வலிக்காரர், குழந்தையோடு வருகிறவர், பயந்துபோய் வருகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் எதுவரை சொல்ல வேண்டும், அடுத்து யாரிடம் கைமாற்ற வேண்டும் என்பது பக்கத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது. பின்பக்கம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. கடையோ கதவோ இடம் மாறினால் காவலரே எழுதிக்கொள்ளலாம். நோயாளிகள் யாரும் அந்தத் தாளைப் பார்க்கவே போவதில்லை. அதைப் பயிற்சிக்காக ஆயிரங்கண்ணாளில் ஏற்றிப் பார்த்தபோது பூஜ்யம் வந்தது. வகுப்பே கைதட்டியது.

ஜூன் 10 முதல் ஜூலை 5 வரை அளவீடு நடந்தது. துணை ஏதும் இல்லாமல் நிறுத்தப்பட்ட புதுக் காவலர்களின் சராசரி பன்னிரண்டு நிமிடம். கபிலனின் வாயிலில் ஐந்து நிமிடம் ஐம்பது வினாடி.

2047 ஜூலை 8, திங்கட்கிழமை, முடிவுகள் வெளியாயின. இருபத்து மூன்று பேர் தேறினார்கள். ஐந்து பேர் அடுத்த பருவத்தில் மறுபடி வாயிலில் நிற்க வேண்டும். ஜெசிந்தாவின் நேரம் ஐந்து நிமிடம் இருபது வினாடி. அந்த ஆண்டின் மிகக் குறைந்த நேரம் அதுதான். சென்னையில் அவளுக்காக வைத்திருந்த இடத்தில் ஜூன் 3 அன்றே வேறொருவர் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.